டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் என்ன? மாசி வீதி மாடி ஏறிய கதை

மதுரையில் எங்கள் தெரு முனையில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் பெரிதாக 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்று எழுதியிருப்பார்கள். உள்ளே போனால் துவரம் பருப்பு, பற்பசை, பிஸ்கட், கோலப்பொடி, மூலையில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. நாலு வரிசை அலமாரி, ஒரு பில் மெஷின், அவ்வளவுதான். மளிகைச் சாமானை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தால் அது மளிகைக் கடை. நாமே கூடையைத் தூக்கிக்கொண்டு எடுத்துப் போட்டால் டிபார்ட்மென்டல் ஸ்டோர். தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கு.

போன மாதம் பி.காம். படிக்கும் அண்ணன் மகள் வந்து, "சித்தப்பா, டிபார்ட்மென்டல் ஸ்டோருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். பாடத்தில் வருகிறதாம். முனைக்கடையைக் காட்டி விளக்கலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கடை உண்மையில் ஒரு குட்டி சூப்பர் மார்க்கெட். உலகம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று சொல்வது வேறொன்றை. அதுவும் மதுரையில் இருக்கிறது, ஒன்றல்ல, பல. ஆனால் அதை நாம் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. 'ஜவுளிக்கடை' என்கிறோம், இல்லாவிட்டால் 'ஸ்டோர்ஸ்'. கண்ணாடி முகப்பும் ஐந்தாறு மாடியும் நகரும் படிக்கட்டும் வைத்து, கீழே கைப்பையில் தொடங்கி மேலே குக்கர் வரை விற்கிற அந்தக் கடைதான் பாடப்புத்தகத்து டிபார்ட்மென்ட் ஸ்டோர்.

சரி, அதற்கு என்ன இலக்கணம்? பல தொழில்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளிக்குச் சொந்தமாக நடக்க வேண்டும். பட்டுக்கு ஒரு பிரிவு, ரெடிமேடுக்கு ஒரு பிரிவு, பாத்திரத்துக்கு ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொள்முதல் ஆள், தனி இருப்புக் கணக்கு, தனி லாப நஷ்டம். இந்தப் பிரிவுக்குத்தான் ஆங்கிலத்தில் டிபார்ட்மென்ட் என்று பெயர். கடைக்குள் நாம் 'செக்ஷன்' என்கிறோம். மால் என்பது வேறு. அங்கே கட்டடம் ஒருவருடையது, கடைகள் ஆளாளுக்கு வாடகைக்கு. சூப்பர் மார்க்கெட்டில் முக்கியமான சரக்கு சாப்பாட்டுச் சாமான், நாமே எடுத்துக்கொள்வது முறை. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஆள் நின்று எடுத்துக் காட்டுவார்கள். புடவையைப் பிரித்து, தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்துவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு முக்கியமான விஷயம் பாக்கி. அது விலை. விலை எல்லாருக்கும் ஒன்று, அதுவும் அட்டையில் எழுதியபடி. இதை ஏதோ நேர்மைக்கான ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறோம். நேர்மை இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

பழைய ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, கல்லாவுக்குப் பக்கத்தில் முதலாளி. புடவை வாங்க வந்தவர் விலை கேட்கிறார். அட்டையில் எண்ணுக்குப் பதில் ஏதோ எழுத்துகள் இருக்கும். அது கடைக்காரர்களின் சங்கேதம். அசல் விலை அவர்களுக்கு மட்டும் தெரியும். வந்தவர் யார், எந்த ஊர், கல்யாணத்துக்கா சும்மாவா, ரொக்கமா பற்றா என்று எல்லாவற்றையும் ஒரு பார்வையில் எடை போட்டு முதலாளி ஒரு விலை சொல்வார். வந்தவர் பாதிக்குக் கேட்பார். அரை மணி நேரம் போகும். கடைசியில் இரண்டு பேருக்கும் ஜெயித்த மாதிரி ஒரு திருப்தி.

இந்தப் பேரத்தை முதலாளிதான் பேச முடியும். மிஞ்சினால் அவருடைய மகனோ மைத்துனரோ பேசலாம். நேற்று சேர்ந்த பையனிடம் விட முடியாது. அவன் குறைத்துக் கொடுத்தால் நஷ்டம் முதலாளிக்கு. கூட்டி விற்று நடுவில் சுருட்டினாலும் நஷ்டம் முதலாளிக்குத்தான். ஆக, பேரம் இருக்கும் வரை கடையின் அளவு முதலாளியின் கண் எட்டுகிற தூரம்தான். விலையை அட்டையில் அடித்துவிட்டால் கதை மாறுகிறது. இருபது வயதுப் பெண் ஒருத்தி ஐம்பதாயிரம் ரூபாய்ப் பட்டை விற்கலாம். முன்னூறு பேரை வேலைக்கு வைக்கலாம். ஐந்து மாடி கட்டலாம், ஐந்து ஊரில் கிளை போடலாம். ஒரே விலை வந்த பிறகுதான் பெரிய கடை வந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஐரோப்பாக்காரர்கள் பாரிஸைக் காட்டுவார்கள். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1673ல், இப்போது டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில் மிட்சுயி தகதோஷி என்ற வியாபாரி எச்சிகோயா என்றொரு துணிக்கடை திறந்தார். அதுவரை அங்கே துணி வியாபாரம் பணக்கார வீடுகளுக்குச் சரக்கை எடுத்துப்போய்க் காட்டி, கடன் எழுதி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வசூல் செய்கிற முறை. நம்மூரில் அறுவடை முடிந்து பற்றை அடைப்பது போலத்தான். கடனுக்குக் கொடுத்தால் வட்டியும் வராக்கடன் பயமும் விலையில் ஏறியிருக்கும். அப்படி ஏற்றி வைத்த விலையில் பேரத்துக்கும் இடம் இருக்கும். மிட்சுயி ரொக்கம் மட்டும் என்றார். ஏற்றிச் சொல்லும் விலை கிடையாது என்றார். முழுத் துண்டாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டித் தருவேன் என்றார். அந்தக் கடைதான் பின்னாளில் மிட்சுகோஷி ஆனது. 1904ல் 'இனி நாங்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்று முறைப்படி அறிவித்தார்கள். ஜவுளிக்கடையாக ஆரம்பித்து எல்லாமும் விற்கும் கடையாக வளர்ந்த கதை அங்கேயும் அப்படியே.

பாரிஸில் 1852ல் அரிஸ்டிட் பூசிக்கோ என்பவர் போன் மார்ஷே என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். குறைந்த லாபம், குறித்த விலை, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து சுற்றலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்றெல்லாம் கொண்டுவந்தார். உள்ளே சும்மா சுற்றலாம் என்பது இன்று நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றினாலே வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கூசிய காலத்தை நினைத்தால் புரியும். கூட்டம் குறைகிற ஜனவரியில் வெள்ளைத் துணிகளுக்கென்று தனி விற்பனை வைத்ததும் அவர்தான். நம்மூர் ஆடித் தள்ளுபடிக்கு அது தூரத்துச் சொந்தம். ஆடியில் கல்யாணம் இல்லை, கடை காற்று வாங்கும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழையது வெளியேற வேண்டும். தள்ளுபடி பிறந்தது அப்படித்தான்.

மாடிக்கு வழி அமெரிக்காவில் திறந்தது. 1857ல் நியூயார்க்கில் ஹாவொட் என்ற ஐந்து மாடிக் கடையில் எலிஷா ஓடிஸ் ஆட்கள் ஏறும் லிப்டைப் பொருத்தினார். அதற்கு முன் மேல்மாடி என்றால் கிட்டங்கி; வாடிக்கையாளர் ஏறவே மாட்டார். லண்டன் ஹாரட்ஸ் கடையில் 1898ல் நகரும் படிக்கட்டு வந்தபோது, ஏறி வந்தவர்களின் படபடப்பு அடங்க மேலே பிராந்தி கொடுத்தார்களாம். நம்மூரில் பிராந்தி இல்லை. படிக்கட்டுக் காலடியில் ஒரு பெண் நிற்பார். புடவை கட்டிய பெரியம்மாக்களின் கையைப் பிடித்து, "கொசுவத்தத் தூக்கிப் பிடிங்கம்மா, இப்ப கால வைங்க" என்று ஏற்றிவிடுவார். அவர் வேலை முழுக்க அதுதான். எங்கள் அத்தை இன்றைக்கும் பக்கத்திலுள்ள சிமென்ட் படியில்தான் ஏறுவார்.

தமிழ்நாட்டுக்கு இந்த வகைக் கடை வந்தது சென்னை மவுண்ட் ரோட்டு வழியாக. 1860களில் சார்லஸ் டுராண்டும் ஸ்பென்சரும் ஆரம்பித்த ஸ்பென்சர்ஸ், வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களைப் பார்த்து வாழ்ந்தவர்களுக்கும் சீமைச் சரக்கு விற்ற பெரிய கடை. அந்தப் பழைய கட்டடம் 1983ல் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் பிற்பாடு ஸ்பென்சர் பிளாசா வந்தது. சாமானியர்களுக்கு அது வேறு உலகம். நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரே விலையைப் பழக்கியது, என் கணக்கில், கூட்டுறவுக் கடைகள். திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் 1904லேயே தொடங்கிவிட்டது. பிற்பாடு சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன் என்று கூட்டுறவுப் பண்டகசாலைகள் வந்தன. எடை சரியாக இருக்கும், விலை எழுதியிருக்கும், யாரும் சிரித்துப் பேச மாட்டார்கள். ஜவுளியில் அதே வேலையை 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் செய்தது.

இனி மதுரைக்கு வருவோம்.

மதுரைக்கு டிபார்ட்மென்ட் ஸ்டோர் புதிது அல்ல, மாடிதான் புதிது என்று நான் சொல்வதுண்டு. கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. வியாபாரம் அவற்றுக்குள் பிரிவு பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. நகை வேண்டுமா, தெற்காவணி மூல வீதி. பாத்திரம் என்றால் வெண்கலக்கடைத் தெரு. துணி என்றால் விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, மகால் பக்கம். மொத்த மளிகை கீழமாசி வீதி. மின்விசிறி, ரேடியோ என்றால் டவுன்ஹால் ரோடு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போதே அறுவை வீதி, கூல வீதி, பொன் வீதி என்று தனித்தனியாகத்தான் கடக்கிறான். அறுவை என்றால் துணி, கூலம் என்றால் தானியம். ஒரு பெரிய கடையின் மாடிகளைப் பிரித்துத் தரையில் படுக்கப் போட்ட மாதிரி ஊர் இது.

ஒரே கூரை என்பதற்கும் இங்கே பழைய உதாரணம் இருந்தது. கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபம். தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள், வளையல், குங்குமம், பித்தளைச் சாமான், ஜோசியப் புத்தகம், சாமிக்குச் சாத்தும் துணி. கல் சிற்பத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி மிஷின் மிதித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதையும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று சொல்லிவிட முடியாது. கூரை ஒன்றுதான், முதலாளிகள் நூற்றுக்கணக்கில். இலக்கணப்படி அது மாலுக்குத்தான் தாத்தா.

வீதிகளாகக் கிடந்த இந்தக் கடை எப்போது எழுந்து நின்றது? அதை நிமிர்த்தியவர்கள் மதுரைக்குத் தெற்கே இருந்து கிளம்பியவர்கள்.

போத்தீஸை எடுத்துக்கொள்வோம். 1923ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் கே.வி. போத்தி மூப்பனார் ஆரம்பித்த ஜவுளிக்கடை. பருத்திப் புடவை, வேட்டி, துண்டு என்று நெசவுக்கு ஒட்டிய வியாபாரம். பிறகு திருநெல்வேலி, மதுரை, சென்னை, திருவனந்தபுரம், பெங்களூர் என்று கிளைகள். திருநெல்வேலி ஆர்.எம்.கே.வி.யும் கிட்டத்தட்ட அதே வயது, 1924. தூத்துக்குடிப் பக்கம் பணிக்கநாடார் குடியிருப்பிலிருந்து சென்னைக்குப் போன சகோதரர்கள் 1970 வாக்கில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடையில் ஆரம்பித்ததுதான் சரவணா ஸ்டோர்ஸ். பாத்திரத்தோடு ஜவுளி, ஜவுளியோடு நகை, பிறகு பர்னிச்சர், பொம்மை, பெட்டி என்று மாடி மாடியாக ஏறியது. வழி வேறு வேறு. ஒருவர் தறியிலிருந்து வந்தார், ஒருவர் பாத்திரத்திலிருந்து வந்தார். போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

ஏன் ஒன்றானது? கல்யாணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பாரிஸில் ஒரு பெண் கையுறை வாங்க வருவாள். அவளை நம்பிப் பூசிக்கோ கடை கட்டினார். நம்மூரில் ஒரு குடும்பம் கல்யாண ஜவுளி எடுக்க வரும். திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வேன் பிடித்து, இரண்டு வீட்டாருமாகப் பதினைந்து இருபது பேர். பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு, நிச்சயப் புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி சட்டை, தாய்மாமனுக்கு, நாத்தனாருக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு. அதன்பின் சீர்வரிசை: குத்துவிளக்கு, அண்டா, குக்கர், மிக்ஸி, பீரோ, கட்டில். முன்பு இந்தக் கூட்டம் ஒரு நாள் முழுக்க விளக்குத்தூணுக்கும் வெண்கலக்கடைத் தெருவுக்கும் அலைந்து, நடுவில் ஜிகர்தண்டா குடித்து, சண்டை போட்டு, சாயங்காலம் பஸ் ஏறும். இப்போது ஒரே கட்டடத்தில் முடிகிறது. சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏ.சி.யில் நடக்கிறது.

கடைக்குள் சரக்கு எந்த மாடியில் இருக்கிறது என்பதும் இதை வைத்துத்தான். தரைத்தளத்தில் கைப்பை, கவரிங், வாசனைப் பொருள், நைட்டி, கைக்குட்டை. நாம் வாங்க நினைத்து வந்திருக்க மாட்டோம். கண்ணில் பட்டால் எடுப்போம். பட்டு ஒரு மாடி மேலே. கல்யாணத்துக்கு வந்தவர் எப்படியும் ஏறுவார். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் மற்ற சரக்கின் முன்னால் நடக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏறும் படிக்கட்டு ஒரு பக்கமும் அடுத்த மாடிக்கானது எதிர்ப்பக்கமும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கட்டடக்காரரின் தவறு இல்லை.

ஒரு புடவை கையிலிருந்து கட்டைப்பைக்குப் போகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்த்தால் மொத்தக் கடையும் புரிந்துவிடும். பட்டு செக்ஷனில் ஒரு பெண் புடவையை விசிறிப் போடுகிறாள். "அக்கா, இது சாப்ட் சில்க், நேத்துதான் வந்துச்சு, பார்டரப் பாருங்க." பிடித்துவிட்டது. அவள் அதை நம்மிடம் தர மாட்டாள். ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்து ஒரு சீட்டுத் தருகிறார்கள்; புடவை ஒரு கூடையில் விழுந்து எங்கோ போகிறது. சீட்டோடு நாம் கேஷ் கவுன்ட்டரில் நிற்கிறோம். பணம் கட்டியதும் பில். பில்லோடு டெலிவரி கவுன்ட்டர். அங்கே பில்லில் முத்திரை குத்திப் பையைத் தருவார்கள். வாசலில் செக்யூரிட்டி அந்த முத்திரையைப் பார்த்து பில்லில் ஒரு துளை போடுவார்.

நாலு இடத்தில் வரிசையில் நிற்பது நமக்கு எரிச்சல்தான். ஆனால் கவனியுங்கள்: சரக்கைக் காட்டியவர் பணத்தைத் தொடவில்லை, பணம் வாங்கியவர் சரக்கைத் தொடவில்லை, சரக்கைக் கொடுத்தவருக்கு விலையோடு வேலை இல்லை. திருட வேண்டுமென்றால் மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். பழைய கடையில் முதலாளியின் கண் செய்த வேலையை இங்கே ஒரு சீட்டு செய்கிறது. ஒருமுறை ஒரு பெரிய கடையில் டெலிவரியில் எங்கள் பை மாறிவிட்டது. தங்கச்சி மகளின் நிச்சயப் புடவைக்குப் பதிலாக, பைக்குள் யாரோ ஒரு குழந்தையின் ரோஸ் கவுன் இருந்தது. அத்தை கூச்சல் போட, சூப்பர்வைசர் பில் நம்பரை வைத்துப் பத்து நிமிஷத்தில் அடுத்த பையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கவுன்காரர்கள் மூன்றாம் மாடியில் நின்று கிரைண்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாபக் கணக்கு அடுத்தது. பெரிய கடைக்காரர் எப்படி மலிவாக விற்க முடிகிறது? ஒரு உதாரணம். பழைய கடையில் 1 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று வையுங்கள். 100 ரூபாய் கொள்முதலை 130க்கு விற்கிறார். சரக்கு வருஷத்துக்கு 2 தடவை விற்றுத் தீர்ந்து புதிதாக வருகிறது. லாபம் 60,000. பெரிய கடைக்காரர் அதே 100 ரூபாய்ச் சரக்கை 112க்கே கொடுக்கிறார். கூட்டம் சேர்கிறது, சரக்கு 8 தடவை சுழல்கிறது. அதே 1 லட்சத்தில் 96,000. (வாடகை, சம்பளம், கரன்ட் பில் எல்லாம் இதில்தான் கழிய வேண்டும், அது வேறு.) ஒரு புடவையில் எவ்வளவு கிடைத்தது என்று பார்க்காமல், ஒரு ரூபாய் வருஷத்தில் எத்தனை தடவை சுற்றி வந்தது என்று பார்ப்பதுதான் இந்த வியாபாரம். அதனால்தான் ஒரு செக்ஷனில் சரக்கு தூங்கினால் அந்த இடத்தையே பிடுங்கி வேறு செக்ஷனுக்குக் கொடுத்துவிடுவார்கள். போன தடவை பொம்மை இருந்த மூலையில் இந்தத் தடவை டிராலி பெட்டி இருப்பது இதனால்தான்.

கிளைகள் சேரும்போது கொள்முதலில் பலம் கூடுகிறது. ஒரு கடைக்கு நூறு புடவை வாங்குபவர் நெசவாளர் ஊருக்குப் போய் இருப்பதில் பொறுக்குவார். பத்துக் கடைக்கு வாங்குபவர், எனக்கு இந்த நிறம், இந்த பார்டர், இத்தனை எண்ணம் என்று சொல்லி நெய்யவைப்பார். சின்னாளபட்டி, பரமக்குடி, அருப்புக்கோட்டை, காஞ்சிபுரம், ஆரணி என்று ஊர் ஊராகக் கொள்முதல் ஆட்கள் போவார்கள். விலை குறைந்த சேலைகளுக்கு சூரத். இதில் நெசவாளருக்கு நிச்சயமான ஆர்டர் கிடைக்கிறது என்பதும் உண்மை, விலையை வாங்குபவரே முடிவு செய்கிறார் என்பதும் உண்மை.

வட்டாரச் சங்கிலிக் கடைகள் நாடு முழுக்கப் பரவாமல் ஒரு வட்டாரத்திலேயே நிற்பது ஏன் என்று அண்ணன் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. மதுரைப் பக்கத்துத் தாய்மாமன் சீருக்கு என்னென்ன எடுப்பார்கள், எந்தச் சமூகத்தில் கூரைப்புடவை என்ன நிறம், எந்த மாதத்தில் மஞ்சள் புடவைக்கு ஆள் வரும் என்பதெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து கொள்முதல் செய்கிறவருக்குத் தெரியாது. மேல்மருவத்தூருக்குச் சிவப்பும் சபரிமலைக்குக் கறுப்பும் எப்போது தேவை என்று தெரிந்து அடுக்கி வைப்பதே பாதி வியாபாரம்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஊருக்கு ஒரு வட்டாரக் கடை இருந்தது. சிகாகோவுக்கு மார்ஷல் ஃபீல்ட்ஸ், பாஸ்டனுக்கு ஃபைலீன்ஸ். 2005ல் ஒரு பெரிய நிறுவனம் இன்னொரு பெரிய நிறுவனத்தை விலைக்கு வாங்க, அடுத்த வருஷமே இப்படிப்பட்ட நானூறு கடைகளின் பலகை மாறி எல்லாம் மேசிஸ் ஆகிவிட்டது. சிகாகோக்காரர்கள் கடை வாசலில் நின்று பெயரை மாற்றாதே என்று போராடினார்கள். கேட்பாரில்லை. இங்கே கதை எதிர்ப்பக்கமாகப் போகிறது. நம் கடைகள் குடும்பச் சொத்து. அண்ணன் தம்பிகள் வளர, பிள்ளைகள் தலையெடுக்க, ஒரே பெயருக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் சேர்ந்து தனித்தனிக் கடைகளாகின்றன. சரவணா என்ற பெயரிலேயே எத்தனை பலகை பாருங்கள். வெகுநாள்வரை எத்தனை சகோதரர்களோ அத்தனை கல்லாதான் என்பது இங்கே எழுதாத விதி. பார்கோடு ஸ்கேனும் கம்ப்யூட்டர் கணக்கும் வந்த பிறகுதான் சொந்தக்காரர் உட்காராத ஊரிலும் கிளை போடும் தைரியம் வந்தது என்பது என் கணிப்பு.

இவ்வளவு பெரிய கடையை நிறுத்தி வைத்திருப்பது காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கிற பிள்ளைகள். தென்மாவட்டங்களின் மானாவாரி ஊர்களிலிருந்து வந்து, கடையே கொடுக்கும் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் நிறைய. பூசிக்கோவும் தன் கடையின் மேல்மாடியில் வேலைக்காரப் பெண்களைத் தங்கவைத்திருந்தார். கடையோடு கூடவே வந்த பழக்கம் போலிருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பதுதான் அது. நாற்காலிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. அடுத்த தடவை போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதலாவது பெரும்பாலும் இருக்கும்.

அண்ணன் மகளுக்கு இதையெல்லாம் நேரில் காட்டலாம் என்று, அத்தை ஒரு புடவை எடுக்கப் போனபோது அவளையும் கூட்டிப்போனேன். கடையில் எல்லாம் சரியாக நடந்தது. அட்டையில் 1,850 என்று போட்டிருந்தது. அத்தை பழக்கத்தில் "ஆயிரத்து ஐநூறுன்னு போட்டுக்கம்மா" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நான் என்னம்மா செய்றது, கம்ப்யூட்டர்ல வர்றதுதான்" என்றாள். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். பாடம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அங்கேயே ஃபால்ஸ் அடித்து பிளவுஸும் தைத்துத் தருவார்கள், அதற்கும் ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. புதுமண்டபத்துக் கடைக்காரர்களை இப்போது பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்து அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அத்தைக்கு முப்பது வருஷமாகத் தைத்துக் கொடுக்கிறவரும் அங்கேதான் இருக்கிறார். படியேறிப் போய்ப் புடவையை நீட்டினார். ஃபால்ஸ் அடிக்க நூறு ரூபாய் என்றார் அவர். "நூறா? மண்டபத்துல இருந்தப்ப என்ன வாங்குன?" என்று அத்தை கீழே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எண்பதுக்கு முடிந்தது. கால் மணி நேரம் ஆனது.